ஒரு மலையும் நான்கு முத்திரைகளும்

எங்கள் குசினியின் பின்கதவைத் திறந்தால் மலை நிற்கும். அடியில் திராட்சைத் தோட்டங்கள், நடுவில் கறுத்த காடு, உச்சியில் வெள்ளை. முதல் நாள் பார்த்தபோது யூன் மாதத்தில் பனியா என்று திகைத்துப்போனோம். பனியல்ல, கல். மரம் ஒன்றும் இல்லாத வெறும் சுண்ணாம்புக் கல். மலையின் பெயர் மோன் வான்தூ. உயரம் 1,910 மீற்றர். பிரான்சின் தெற்கே, புரொவான்ஸ் பகுதியில், பக்கத்தில் துணைக்கு ஒரு பெரிய மலை இல்லாமல் தனியே நிற்கிறது. நாங்கள் இருக்கிற கிராமம் அதன் காலடியில் உள்ள பெதுவான்.

நாங்கள் மூன்று பேர். மூத்தவர் 1993 இல் வந்தவர். ஐம்பதைத் தாண்டிவிட்டார். நாங்கள் அவரை அண்ணை என்போம். இளையவனுக்கு இருபத்தெட்டு வயது. அவன் எங்களுக்குத் தம்பியன். பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டு ஓடிவந்து, முப்பத்தைந்து வயதில் கோப்பை கழுவிக்கொண்டிருக்கிற நடுவில் உள்ளவன்தான் இதை எழுதுகிறான். ஆனால் நடந்தது மூன்று பேருக்கும் சேர்த்து நடந்ததால் 'நாங்கள்' என்றே எழுதுவது சரியென்று பட்டது.

2020 இல் கொரோனாவோடு பாரிசின் றெஸ்ரோறன்றுகள் பூட்டுப்பட்டன. அடுத்த வருடம் லாச்சப்பலில் ஒரு தேநீர்க்கடையில் கேள்விப்பட்ட வேலை இது. கோடை முழுக்க வேலை, மேல்மாடியில் ஒரு அறை, கிழமையில் ஒரு நாள் லீவு. அண்ணையும் இதை எழுதுபவனும் வந்தோம். தம்பியன் 2023 இல் சேர்ந்தான். அவனுக்கு விசா இல்லை. அதைப்பற்றி இங்கே கூடுதலாக எழுதவில்லை. வாசிக்கிறவர்களுக்கு விளங்கும்.

வந்த கிழமையே ஒன்றைக் கவனித்தோம். இந்த ஊருக்கு ஆட்கள் வருவது கோயிலுக்கோ கடலுக்கோ அல்ல, சைக்கிளில் மலை ஏறுவதற்கு. பெல்ஜியம், ஒல்லாந்து, டென்மார்க், இங்கிலாந்து என்று எங்கிருந்தெல்லாமோ, காரின் கூரையில் சைக்கிளைக் கட்டிக்கொண்டு வருவார்கள். அந்தச் சைக்கிள்களில் சிலவற்றின் விலை எங்கள் அரை வருடச் சம்பளம். விடிய இருட்டோடு ஏறத் தொடங்குவார்கள். மத்தியானம் உப்புப் பூத்த முகத்தோடு வந்து கதிரையில் விழுவார்கள். பிறகு அவர்கள் சாப்பிடுகிற பாஸ்தாவின் கணக்கு எங்களுக்குத்தான் தெரியும். கழுவுகிறவர்கள் நாங்கள்தானே.

பெதுவானில் இருந்து உச்சிக்கு 21 கிலோமீற்றர் சொச்சம். முதல் ஆறு கிலோமீற்றரும் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே நல்லபிள்ளை மாதிரிப் போகும். சான் எஸ்தேவ் என்ற வளைவில் வீதி இடப்பக்கம் மடங்கிக் காட்டுக்குள் நுழையும். அங்கிருந்து ஏறக்குறையப் பத்துக் கிலோமீற்றருக்கு, நூறு மீற்றர் போனால் ஒன்பது பத்து மீற்றர் உயர்கிற ஏற்றம். மூச்சு வாங்க ஒரு தட்டை இடம் கிடையாது. காடு முடிகிற இடத்தில் ஷலே ரெனார் என்றொரு தங்குமிடம் இருக்கிறது. பிறகு ஆறு கிலோமீற்றர் வெறும் கல்லும் காற்றும். உச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள கணவாய்க்குப் பெயரே புயல்களின் கணவாய். 2016 யூலை 14 இல் காற்றின் வேகத்தைப் பார்த்துவிட்டு, ரூர் து பிரான்ஸ் போட்டியையே உச்சிவரை விடாமல் ஷலே ரெனாரில் முடித்துக்கொண்டார்கள்.

நாங்கள் வந்த வருடமும் அந்தப் போட்டி வந்தது. 2021 யூலை 7. ஒரே நாளில் இரண்டு தடவை இந்த மலையில் ஏறினார்கள். எங்கள் ஊருக்குள்ளால் அவர்கள் பறந்துபோக எடுத்தது சில கணம். அந்தச் சில கணத்துக்காக நாங்கள் மூன்று நாள் கோப்பை கழுவினோம்.

ஆனால் இந்தக் கட்டுரை போட்டிக்காரரைப் பற்றியதல்ல. பரிசு இல்லை, பணம் இல்லை, முந்துவதற்கு ஆளும் இல்லை என்ற நிலையில் ஏறுகிறவர்களைப் பற்றியது. இந்த மலைக்கு மூன்று தார்வீதிகள் உண்டு. பெதுவானில் இருந்து ஒன்று, வடமேற்கே மலோசென் என்ற ஊரில் இருந்து ஒன்று, கிழக்கே சோ என்ற ஊரில் இருந்து ஒன்று. மூன்று வழியாலும் ஒரே நாளில் உச்சிக்கு ஏறியவர்களுக்கு ஒரு கழகம் இருக்கிறது. 1988 இல் தொடங்கியது. பெயர் 'வான்தூவின் சங்கிளேக்கள்'. சங்கிளே என்றால் பிரெஞ்சில் பைத்தியம். எல்லாமாக 136 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். ஏற்றத்தை மட்டும் கூட்டினால் ஏறக்குறைய 4,400 மீற்றர். சிவனொளிபாதமலை 2,243 மீற்றர் என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியிருந்தோம். கடல் மட்டத்தில் இருந்து அதன் உச்சிக்கு ஒரு நாளில் இரண்டு முறை ஏறுவதற்குச் சமம். அதுவும் போதாதென்று, ஒவ்வொரு வழியாலும் இரண்டு தடவையாக ஆறுமுறை ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள்.

இதற்கு நடுவர் கிடையாது. ஓர் அட்டை அனுப்புவார்கள். மூன்று ஊரிலும் ஒவ்வொரு கடையில் முத்திரை குத்த வேண்டும், உச்சியிலும் குத்த வேண்டும். அட்டையைத் திருப்பி அனுப்பினால் உங்கள் பெயர் பட்டியலில் சேரும். அவ்வளவுதான்.

முதல் வருடம் நாங்கள் இதைப் பார்த்துச் சிரித்தோம். "சும்மா இருக்கேலாமல் வாற வருத்தம்" என்றார் அண்ணை. அவர் சைக்கிள் உழக்கியது வேறு காலம். 1990 இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபிறகு, யாழ்ப்பாணத்தில் சைக்கிள்தான் லொறி, சைக்கிள்தான் அம்புலன்ஸ். கிளாலிக் கடலேரியால் வந்த சாமான்களைக் கரியரில் கட்டி இரவிரவாக உழக்கியவர் அவர். மின்சாரமும் பற்றரியும் இல்லாத வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, கையால் பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்டிருக்கிறோம். "நாங்கள் ஒரு இடமும் போகாமல் உழக்கினது செய்தி கேக்க. இவங்கள் என்னத்துக்கு உழக்கிறாங்கள்?"

இதை எழுதுகிறவனுக்கும் ஒரு சைக்கிள் உண்டு. 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள், அப்பாவின் றலி சைக்கிளின் பாரில் இருந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது வயது ஆறு. பின்னால் கரியரில் அப்பாச்சி. சாவகச்சேரிக்கு இருபது கிலோமீற்றர்கூட இல்லை. போய்ச்சேர இரவும் அடுத்த பகலும் எடுத்தது. ஏற்றம் இல்லை. குடாநாட்டில் ஏற்றமென்றால் மதகுதான். ஆனால் அந்த நெரிசலில் அப்பா ஒருதடவைகூட ஏறி உழக்கவில்லை. முழுத்தூரமும் உருட்டினார்.

அந்தப் பயணத்துக்கு முத்திரை குத்தியவர் யாருமில்லை.

*

இந்த மலையில் முதன்முதல் ஏறி அதை எழுதிவைத்தவர் என்று சொல்லப்படுபவர் பெத்ரார்க் என்ற இத்தாலியக் கவிஞர். ஊர் நூலகத்தில் வாசித்தோம். அவருடைய தகப்பன் புளோரன்சில் இருந்து நாடுகடத்தப்பட்டவர். பிள்ளை பிறந்தது 1304 இல், அரெசோ என்ற வேற்றூரில். வளர்ந்தது இங்கே பக்கத்தில் கார்ப்பொந்த்ராவில். ஆக, அவரும் அகதியின் பிள்ளைதான். 1336 ஏப்ரல் 26 இல் மலோசென் பக்கத்தால் தம்பியோடு ஏறியதாகக் கடிதமாக எழுதியிருக்கிறார். தம்பி நேராக ஏற, இவர் சுகமான பாதை தேடிச் சுற்றிச் சுற்றிக் களைத்துப் போகிறார். வழியில் ஒரு கிழட்டு இடையர், தான் ஐம்பது வருடத்துக்கு முன் ஏறியதாகவும், உடம்பும் உடுப்பும் கிழிந்ததுதான் மிச்சம் என்றும் சொல்லி மறிக்கிறார். அந்த இடையர் எங்கள் அண்ணையேதான்.

ஆனால் எங்களைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. அந்தக் கடிதம் அன்றிரவு எழுதப்பட்டதல்ல, பதினைந்து வருடத்துக்கும் மேல் கழித்து எழுதப்பட்டது என்று ஆய்வாளர்கள் சிலர் சொல்கிறார்கள். சொன்னபடி ஏறினாரா என்றே சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. திகதி பொருந்தவில்லை, விபரங்கள் அளவுக்கு மிஞ்சி ஒழுங்காக இருக்கின்றன. நல்ல காலம், அந்த மனுசனுக்கு அகதி நேர்காணல் இருக்கவில்லை. இலக்கியம் அவரை அப்படியே ஏற்றுக்கொண்டது.

தம்பியனை ஏற்றுக்கொள்ளவில்லை. 2009 இல் அவனுக்குப் பதின்மூன்று வயது. கிளிநொச்சிப் பக்கத்தில் இருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டுக் கடற்கரைக்குப் போன சனத்தில் அவனும் ஒருவன். வழியில் இடது கெண்டைக்காலில் ஷெல் துண்டு. ஒரு துண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. அப்படிக் காயத்தோடு இத்தனை நாள் நடந்ததாகச் சொல்வது நம்பத்தகுந்ததாக இல்லை என்ற பொருளில் ஒரு வரி, அவனுடைய நிராகரிப்புக் கடிதத்தில் இருந்தது. திகதிகளையும் மாறிச் சொல்லிவிட்டான். மேல்முறையீடு செய்திருந்தான்.

2024 கோடையில் ஒருநாள், கோப்பை துடைத்தபடி எங்கள் செஃப்பிடம் அந்த அட்டையைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டான். செஃப் இந்த ஊர் மனிதர். இளவயதில் தானும் ஒரு சங்கிளே. பிறகு எங்களிடம் வந்து சொன்னான்:

"அண்ணை, கேள்வி ஒண்டும் கேக்க மாட்டினமாம். நாலு முத்திரை இருந்தாக் காணுமாம். நம்புவினமாம்."

அன்றிலிருந்து நாங்கள் சிரிப்பதை விட்டுவிட்டோம்.

*

செஃப் தன்னுடைய பழைய சைக்கிளைக் கொடுத்தார். முன்னுக்கு மூன்று பல்லுச்சில்லு உள்ளது. முன்னுக்குச் சின்னன், பின்னுக்குப் பெரிசு போட்டால் ஒரு உழக்குக்குச் சைக்கிள் கொஞ்சத் தூரம்தான் நகரும், ஆனால் நகரும். ஊரில் கியர் மாற்றிப் பழக்கமில்லாத எங்களுக்கு இது ஒரு கண்டுபிடிப்பு. இரண்டு மாதம், மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் உள்ள மூன்று மணித்தியாலத்தில் தம்பியன் பழகினான். செஃப் சொன்ன புத்தி மூன்று. திராட்சைத் தோட்டத்தில் ஓடாதே, அங்கே மிச்சம் பிடித்தால்தான் காட்டில் செலவழிக்கலாம். பசிக்க முதல் சாப்பிடு, தாகத்துக்கு முதல் குடி. கதைக்க முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறை. உடம்பில் சேர்த்துவைத்த மாச்சத்து, கடுமையாக உழக்கினால் ஓரிரண்டு மணித்தியாலத்தில் தீர்ந்துவிடுமாம். அதற்குப் பிறகு வருகிற கைநடுக்கத்துக்கும் கண்ணிருட்டுக்கும் இங்கே 'ஃப்ரங்கால்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு அந்த நடுக்கம் தெரியும். அதற்கு இப்படி ஒரு அழகான பெயர் இருப்பதுதான் தெரியாது.

செப்ரெம்பரில் ஒரு புதன்கிழமை. லீவு நாள். காலை ஏழு மணிக்கு ஊர் வெதுப்பகத்தில் முதல் முத்திரை. சட்டைப்பையில் உப்புப் போட்ட சோற்றுருண்டையும் எள்ளுருண்டையும். அண்ணை பத்ரோனின் வானை எடுத்தார். நாங்கள் இருவரும் முன்னுக்குப் போய்க் காத்திருப்பதும் அவன் வந்து கடப்பதுமாக நாள் போனது.

முதல் ஏற்றம் மூன்று மணித்தியாலம். உச்சிக்குக் கீழே ஒரு கிலோமீற்றர் சொச்சத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. ரொம் சிம்சன் என்ற ஆங்கிலேய வீரர், 1965 இன் உலகச் சம்பியன், 1967 யூலை 13 இல் இந்த வெயிலில் விழுந்தார். தூக்கிச் சைக்கிளில் இருத்தினார்கள். இன்னும் கொஞ்சத் தூரம் உழக்கித் திரும்ப விழுந்தார். எழும்பவில்லை. வயது 29. வெக்கையோடு, உள்ளே எடுத்திருந்த ஊக்க மருந்தும் மதுவும் சேர்ந்து கொன்றது. ஏறுகிறவர்கள் அந்தக் கல்லடியில் தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் வைத்துவிட்டுப் போகிறார்கள். அண்ணை வானை நிறுத்தி, இறங்கி, ஒரு போத்தல் தண்ணீர் வைத்தார். "தண்ணி கேட்டுச் செத்தவைக்கு வைக்கிறதுதானே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

உச்சியில் இரண்டாவது முத்திரை. கீழே வெயில், மேலே பல்லுக் கிட்டுகிற குளிர். இறக்கத்தில் நெஞ்சில் காற்று அடியாமல் இருக்கப் பழைய ஓட்டக்காரர்கள் சட்டைக்குள் பத்திரிகை செருகுவார்களாம். எங்களிடம் இருந்தது பாரிசில் இருந்து வந்த தமிழ்ப் பத்திரிகை. மரண அறிவித்தல் பக்கங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தம்பியன் மலோசெனுக்கு இறங்கினான்.

மலோசெனில் மூன்றாவது முத்திரை. அந்த ஏற்றத்தின் நடுவில், வீதி சுவர்போல நிமிர்கிற இடத்தில், இடது கால் பிடித்துக்கொண்டது. சைக்கிளைப் படுக்க விட்டுவிட்டு வீதிக்கரையில் இருந்து காலை உருவினான். அண்ணை வானின் கதவைத் திறந்தார். "காணுமடாப்பா. ஏறு." அவன் ஏறவில்லை. அங்கே இருந்தபடிதான் அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னான். அப்பா ஹான்டிலைப் பிடிக்க, பின்னால் கரியரைத் தள்ளியது அவன். அரிசி, சட்டிபானை, தறப்பாள், மேலே தங்கச்சி. மாத்தளன் மணலில் சில்லுப் புதைந்துவிட்டது. ஒவ்வொரு சாமானாக இறக்கினார்கள். கடைசியில் தங்கச்சியையும் இறக்கிவிட்டுச் சைக்கிளை மணலில் விட்டுவிட்டு நடந்தார்கள். "அப்பா ரெண்டுதரம் திரும்பிப் பாத்தவர். சைக்கிளைத்தான்."

நேர்காணலில் இதைச் சொன்னாயா என்று கேட்டோம். "அவை சைக்கிளைப் பற்றிக் கேக்கேல்லை."

இருபது நிமிடத்தால் எழும்பி ஏறினான். திரும்ப உச்சி. பிறகு சோவுக்கு 26 கிலோமீற்றர் இறக்கம். லவண்டர் அறுவடை முடிந்து வயல்கள் மொட்டையாகக் கிடந்தன. நான்காவது முத்திரை. கடைசி ஏற்றம் கொஞ்சம் இரக்கமுள்ளது, ஆனால் கால்களில் ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. மாலை ஏழு மணிக்கு, சூரியன் கீழே போக, வெள்ளைக் கல்லெல்லாம் செம்மஞ்சளாக, அவன் மூன்றாந்தரம் உச்சிக்கு வந்தான். நாங்கள் கைதட்டினோம். பக்கத்தில் நின்ற ஒல்லாந்துக் கிழவர் ஒருவரும் ஏனென்று கேட்காமல் கைதட்டினார்.

சைக்கிளை வானில் ஏற்றிவிட்டு, தம்பியன் அட்டையைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கேட்டான்:

"அண்ணை, இதை லோயரிட்டைக் குடுப்பமோ? காயக்காலோடை ஏலும் எண்டதுக்கு அத்தாட்சிதானே?"

*

அடுத்த லீவில் வழக்கறிஞரோடு தொலைபேசியில் கதைத்தோம். அவர் நல்ல மனிதர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, இந்த அட்டையை ஒருவருக்கும் காட்டவேண்டாம் என்றார். அவனுடைய கால் பற்றி வைத்தியச் சான்றிதழ் ஒன்று கோவையில் இருக்கிறது. 4,400 மீற்றர் ஏறியவனின் கால் என்று தெரிந்தால் அந்தச் சான்றிதழுக்குப் பெறுமதி இல்லாமல் போகலாம்.

அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. "மறைக்கிறது பொய்யில்லையோ?" என்று இரண்டு நாள் திரும்பத் திரும்பக் கேட்டார். எங்களிடம் பதில் இருக்கவில்லை. அட்டை எங்கள் அறையில் அரிசி வாளிக்குள் போனது.

அந்தக் குளிர்காலம் முழுக்க இதைத்தான் யோசித்தோம். மலை ஏறுகிறவன் பட்ட பாடு அவனுக்குச் சேருகிறது. எவ்வளவு பட்டானோ அவ்வளவு மதிப்பு. எங்கள் கணக்கு வேறு. தாங்க முடியவில்லை என்றால், பிறகு எப்படித் தப்பி வந்தாய் என்று கேட்பார்கள். தாங்கினோம் என்றால், அப்படியானால் அது தாங்கக்கூடியதுதானே என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு ஒற்றையடிப் பாதையில் எங்களை நடக்கச் சொல்கிறார்கள். நாங்களும் அந்தப் பழக்கத்தில் எங்கள் உடம்பின் பலத்தை நாங்களே ஒளிக்கப் பழகிவிட்டோம். ஊரில் இருப்பவர்களிடம் எங்கள் கஷ்டத்தை ஒளிக்கிறோம். இங்கே அலுவலகங்களில் எங்கள் பலத்தை ஒளிக்கிறோம். சைக்கிள்காரர் மீது எங்களுக்கு இருந்த பொறாமை அவர்களின் காசிலோ ஓய்விலோ அல்ல என்று அப்போதுதான் விளங்கியது. அவர்கள் எதையும் ஒளிக்க வேண்டியதில்லை.

மேல்முறையீட்டு விசாரணை 2025 பெப்ரவரியில் நடந்தது. நீதிபதி காலைப் பற்றி ஒரேயொரு கேள்வி கேட்டார்: இப்போதும் நோகிறதா? தம்பியன், "இறக்கத்தில் நோகும்" என்றான். அது உண்மை. மூன்று கிழமையால் முடிவு வந்தது. அவன் சொன்னவை நம்பத்தகுந்தவை என்று இருந்தது. அதே கால், அதே நடை, அதே கதை. முதல்முறை நம்பாததற்கும் இம்முறை நம்பியதற்கும் நடுவில் எது மாறியது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அட்டை அரிசிக்குள்தான் இருந்தது.

அதை எடுத்துத் தூசி தட்டினோம். அண்ணை சுவரில் மாட்டச் சொன்னார். பட்டியலில் பெயர் சேர்க்க அனுப்பவேண்டும் என்றார் செஃப். அனுப்ப முதல், தம்பியன் நான்கு முத்திரையும் தெரியப் படம் எடுத்துத் தாய்க்கு அனுப்பினான். மூன்று தரம் மலை ஏறியதை விபரமாகச் சொன்னான். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நாங்களும் கேட்டுக்கொண்டிருந்தோம். தாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்:

"ஏன் மோனை, அங்கை பஸ் ஓடுறேல்லையே?"